இஞ்சியும் அம்மியும்



வரலாறு என்று சொன்னவுடன் முடியும் வாளும் கோட்டையும் கொடியுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்த நானும் அவ்வழியிலேயே நடந்தவன். பானிபட்டுப் போர்கள் மூன்றையும் ஆண்டு பிசகாமல் மாணவர்களை ஒப்பிக்கச் செய்திருக்கிறேன். ஆனால் என் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் நடப்பது எப்பொழுது தொடங்கியது, எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பின்னர், ஐந்து ரூபாய் விலையுள்ள ஒரு சிறு பொட்டலம் என்னை அந்த வேலையில் இறக்கிவிட்டது.

நான் குடியிருப்பது பெருமாநல்லூர். திருப்பூருக்கு வடக்கே, சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். கொண்டத்துக் காளியம்மன் குண்டத் திருவிழாவால் பலர் அறிந்த ஊர். இக்காலத்தில் பனியன் தொழிலால் இன்னும் பலர் அறிந்த ஊர். என் மருமகள் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலை அவள் அந்தப் பொட்டலத்தின் மூலையைக் கத்தரித்து, உள்ளிருந்த இஞ்சி பூண்டு விழுதை வாணலியில் பிதுக்குவதைக் கண்டேன். "புழக்கடையில் அம்மி கிடக்க, இதென்ன அம்மிணி பழக்கம்?" என்று கேட்டுவிட்டேன். தலைமை ஆசிரியர் குரல் ஓய்வூதியத்தோடு போய்விடுவதில்லை.

அவள் சினக்கவில்லை. "ஏனுங்க மாமா, பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்துக்கு எத்தனை நிமிசம் விடுவீங்க?" என்று கேட்டாள். நாற்பது நிமிடம் என்றேன். "எனக்குக் காலையில சோறு, குழம்பு, பொரியல், டப்பா கட்டுறது எல்லாத்துக்கும் சேர்த்தே அவ்வளவுதானுங்க. அதுல அம்மிக்கு எத்தனை நிமிசம்னு நீங்களே டைம்டேபிள் போட்டுக் குடுத்துருங்க" என்றாள்.

பயிற்சிக் கல்லூரியில் கால அட்டவணை வகுப்பதற்கென்றே தனிப் பாடம் படித்தவன் நான். இருந்தும் அன்று விடை சொல்ல இயலவில்லை. எதிராளியின் வாதத்துக்கு விடை இல்லாதபோது ஆசிரியர்கள் நூலகத்துக்குப் போவது வழக்கம். நானும் போனேன். அங்கே கண்டவற்றையும், பிறகு அம்மியடியில் கண்டவற்றையும் சேர்த்தே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயர். 'இஞ்சி' என்பது நம் சொல். இஞ்சியின் வேர் என்ற பொருளில் அமைந்த 'இஞ்சிவேர்' என்னும் திராவிடக் கூட்டுச்சொல்லே பாலியில் 'சிங்கிவேர' என்றும், கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' என்றும், இலத்தீனில் 'சிங்கிபர்' என்றும் திரிந்து, இறுதியில் ஆங்கிலேயர் வாயில் 'ஜிஞ்சர்' ஆயிற்று என்பது மொழியறிஞர் முடிபு. ஆலன் ராஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1952இல் இந்த ஒரு சொல்லின் பயணத்தைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். வடமொழியில் இச்சொல் 'சிருங்கவேரம்' ஆயிற்று. 'சிருங்கம்' என்றால் கொம்பு. கிழங்கு கொம்பைப்போல் கிளைத்திருப்பதால் அப்பெயர் வந்ததெனப் பிற்காலத்தார் விளக்கம் கூறினர். கடன் வாங்கிய சொல்லுக்கு வீட்டிலேயே பொருள் கண்டுபிடித்துக்கொள்வது எல்லா மொழியாரிடமும் உள்ள வழக்கந்தான். அரபியர் 'சஞ்சபீல்' என்பர். திருக்குரானில் சுவர்க்கத்துப் பானம் பற்றிய இடத்தில் அச்சொல் வருகிறது. செருமானியர் 'இங்வர்' என்பர். சிங்களர் 'இங்குரு' என்பர். நம் ஊர்க் கடையில் 'அரைக் கிலோ இஞ்சி' என்று கேட்கும்போது, உலகில் பாதிப் பேர் சிதைத்துச் சொல்லும் சொல்லை நாம் சிதையாமல் சொல்கிறோம்.

தமிழில் இஞ்சிக்கு மதில் என்ற பொருளும் உண்டு. என் மாணவன் ஒருவன், 'வீரர்கள் இஞ்சி மீது ஏறினர்' என்ற தொடருக்கு, 'காரம் தாங்காமல் இறங்கினர்' என்று தேர்வுத் தாளில் முடிவு எழுதியிருந்தான். அவனுக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. இன்று நினைத்தால் அரை மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாம்.

'விழுது' என்பதும் சிறப்பான சொல். ஆலமரத்தில் தொங்குவதும் விழுது. அம்மியில் மசிய அரைத்து வழித்தெடுப்பதும் விழுது. பொடி வேறு, விழுது வேறு என்பதை நம் பெண்டிர் நன்கு அறிவர். உலர்ந்தது பொடியாகும்; ஈரமுள்ளது விழுதாகும். இஞ்சிக்கு இவ்விரு பிறவியும் உண்டு. பச்சையாய் இருக்கும்வரை இஞ்சி, காய்ந்தால் சுக்கு. இந்தியிலும் அவ்வாறே 'அத்ரக்', 'சோந்த்' என இரு பெயர்கள் உள்ளன. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. பச்சை, காய்ந்த என்று முன்னொட்டுப் போட்டே சொல்லவேண்டும்.

நம் பழைய நூல்களில் இஞ்சிக்கு நல்ல இடம் உண்டு. மதுரைக்காஞ்சியில் மலைநிலத்து வளம் சொல்லும் பகுதியில் இஞ்சியும் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே பேசப்படுகின்றன. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த திரிகடுகம், சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று காரப் பொருள்களால் தன் பெயரைப் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி, தம் பெருநூலில், இஞ்சி ஒரு பவுண்டு 6 தினாரி என்றும், கருமிளகு 4 தினாரி என்றும் விலை குறித்து வைத்திருக்கிறார். மிளகுக் கொடியின் வேர்தான் இஞ்சி என்று சிலர் நினைப்பது தவறு என்று திருத்தவும் செய்கிறார். ஆனால் அது அரபு நாட்டிலும் செங்கடலின் மேல்கரையிலும் விளைவதாக எழுதிவிட்டார். சரக்கு விற்ற வணிகர் ஊரைச் சொல்லாமல் மறைத்தனர் போலும். வணிக இரகசியம் என்பது நேற்றுத் தோன்றியதன்று.

இதில் எங்கள் கொங்கு நாட்டுக்கும் பங்குண்டு. ஆனால் விளைவித்த பங்கு அன்று, வழிவிட்ட பங்கு. இஞ்சிக்கு மழை வேண்டும், நிழல் வேண்டும், நீர் தேங்காத நெகிழ்ந்த மண் வேண்டும். பெருமாநல்லூர்ப் பக்கத்து மேட்டாங்காட்டில் சோளமும் கம்பும் பருத்தியும் நிலக்கடலையுமே தலையெடுக்கும். இஞ்சி மேற்கிலிருந்து வரவேண்டிய விருந்தாளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் திறந்திருக்கிறது. மேல்கடற்கரையில் முசிறியில் இறங்கிய சரக்கும், மேற்கு மலையில் ஏறிய சரக்கும் அக்கணவாய் வழியே நொய்யலாற்றின் ஓரமாகக் கரூருக்குப் போயின. அவ்வழியில், நொய்யலின் வடகரையில் இருப்பது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று போற்றப்படும் ஊர். 1985இல் தொடங்கி அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிக்கற் பட்டறைகளும், இரும்பும் எஃகும் செய்த உலைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. மணி நிலைத்தது, ஓடு நிலைத்தது. மூட்டையில் போன இஞ்சி எங்கே நிலைக்கும்? தின்னப்பட்ட பொருள் வரலாற்றுக்குத் தடயம் வைப்பதில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணம் இப்போது மாறிவிட்டது. கிழங்கு வகைகளில் மாவுத்துகள் உண்டு. ஒவ்வொரு செடியின் மாவுத்துகளும் நுண்ணோக்கியில் ஒவ்வொரு வடிவாகத் தெரியும். கல்லின் சொரசொரப்பிலும் பல்லின் காரையிலும் அத்துகள் ஒட்டிக்கொண்டால் பல நூறு, பல்லாயிரம் ஆண்டுகள் கூட அழியாமல் கிடக்கும். அரியானா மாநிலத்தில் பர்மானா என்ற சிந்துவெளிக் கால ஊரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் பற்களிலும் சமையற் கலத்திலும் இவ்வாறு இஞ்சியும் மஞ்சளும் அடையாளம் காணப்பட்டன. உண்டார்கள் என்பதற்கு அது சான்று. அரைத்தார்கள் என்பதற்கு?

அதற்குச் சான்று கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. வியத்துநாமின் தெற்கே, மேகாங் ஆற்று முகத்துவாரச் சமவெளியில் ஓக் இயோ என்ற பழைய துறைமுக நகரம் இருந்தது. அங்கு 2018இல் தோண்டியெடுக்கப்பட்ட மணற்கற் பலகை ஒன்று, நீளம் 76 சென்டிமீட்டர், அகலம் 31 சென்டிமீட்டர். அதன் படத்தைக் கண்ட எந்தத் தமிழ்ப் பெண்ணும் ஒரு நொடியும் தயங்கமாட்டாள். அம்மி என்றே சொல்வாள். அக்கல்லிலும், அங்கு கிடைத்த குழவிகளிலும் பிற அரைகருவிகளிலும் ஒட்டியிருந்த துகள்களை ஆராய்ந்தவர்கள், மஞ்சள், இஞ்சி, கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை முதலியன அவற்றில் அரைபட்டிருப்பதை 2023இல் வெளியிட்டனர். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய குழம்புக் கூட்டு! இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்களோடு அம்மிப் பழக்கமும் சென்றிருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் தமிழர் என்று நான் சொல்லத் துணியேன். கையில் சான்றில்லாமல் மார்தட்டுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ஆயினும் தாய்லாந்தின் தென்பகுதியில் 'பெரும்பத்தன்' என்ற பொற்கொல்லனின் உரைகல் தமிழ் எழுத்தோடு கிடைத்திருக்கிறது. பொன்னுரைக்கும் கல்லைச் சுமந்து கடல் கடந்தவன் வீட்டில், கறிக்கு அரைக்கும் கல் ஒன்று இல்லாமலா இருந்திருக்கும்?

இனி என் இளமைக்கு வருகிறேன். என் அம்முச்சி வீட்டில் இஞ்சி சமையற் பொருள் என்பதைவிட மருந்துப் பொருளாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் குழம்புக்கும் இரசத்துக்கும் அரைக்கும் மிளகு, சீரகம், மல்லி வகையறாவைச் 'செலவு' என்பார்கள். கறிக்குழம்புக்குச் செலவு வறுத்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் வரமிளகாயும் கூட்டி அரைப்பார்கள். இஞ்சி அதில் சுண்டுவிரல் நுனியளவு விழுந்தால் உண்டு. விழாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். ஆனால் வயிறு மந்தம் என்று ஒரு பிள்ளை முனகினால் போதும், மண்ணில் புதைத்து வைத்த இஞ்சி வெளியே வரும். தோலைச் சுரண்டி எறிவார். இஞ்சிக்குத் தோல் நஞ்சு என்பது அவர் சட்டம். பிறகு அம்மியில் தட்டிப் பிழிந்த சாற்றை ஒரு கிண்ணத்தில் அசையாமல் வைப்பார். சிறிது நேரத்தில் வெண்மையாக ஒன்று அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்துத் தேன் கலந்து புகட்டுவார். அந்த வெண்படிவு என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. அதுவும் மாவுத்துகள்தான், ஓக் இயோ அம்மியில் பேசிய அதே சாட்சி. என் அம்முச்சி அதைத் தினந்தோறும் கீழே ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிள்ளை பெற்ற வீட்டில் சுக்கு. தலைவலிக்குச் சுக்குப் பற்று. சந்தைக்குப் போய் வந்தவர்க்குச் சுக்குமல்லிக் காப்பி. திருவிழாக் காலத்துப் பானகத்தில் சுக்கு. பேருந்து நிலையத்தில் இஞ்சி மரப்பா. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்ற பழமொழி இன்னும் வழக்கில் இருக்கிறது. ஐந்து கிலோ பச்சை இஞ்சியைத் தோல் சீவி ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ சுக்கு கிடைக்கும். நெடுந்தொலைவு போன இஞ்சியெல்லாம் பெரும்பாலும் இந்தச் சுக்காகவே போயிற்று. விழுது பயணம் செய்யாது. இருந்த இடத்திலேயே அரைத்து அன்றைக்கே தீர்க்கவேண்டிய பொருள். அதனால்தான் அதன் வரலாறு ஏட்டில் ஏறவில்லை. கப்பலேறிய சுக்குக்குச் சுங்கக் கணக்கு இருந்தது. அம்மியில் வழித்த விழுதுக்கு யார் கணக்கெழுதுவார்?

இறைச்சிக்கு இஞ்சியைத் தாராளமாகச் சேர்க்கும் வழக்கம் அரண்மனை ஏடுகளில் தெளிவாகத் தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் இறைச்சிப் பக்குவங்களில் இஞ்சி வருகிறது. மாளவத்து மாண்டு நகரிலிருந்து ஆண்ட சுல்தான் கியாத்சாவின் சமையல் ஏடாகிய நிமத்நாமா, 1500ஆம் ஆண்டையொட்டி ஓவியங்களோடு எழுதப்பட்டது. இன்று இலண்டனில் இருக்கிறது. அதில் இஞ்சியில்லாத பக்கங்களைத் தேடவேண்டும். அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி இன்னும் ஒரு படி மேலே போய் அளவே தருகிறது: 'கபூலி' என்னும் சோற்றுக்கு அரிசி 10 சேர், இறைச்சி 7 சேர், நெய் 3½ சேர், வெங்காயம் 2 சேர், பச்சை இஞ்சி கால் சேர். ஏழு சேர் இறைச்சிக்குக் கால் சேர் என்பது இக்காலத்துப் பிரியாணிக் கடைக்காரர் கேட்டால் சிரிக்கும் அளவு. அக்பரின் அடுக்களையைவிட அவிநாசி சாலைப் பிரியாணிக் கடை இஞ்சியை அள்ளிப் போடுகிறது.

இங்கே ஒரு கொடுக்கல் வாங்கலையும் குறிப்பிடவேண்டும். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கினார். அடுத்த நூற்றாண்டிலேயே இஞ்சி கடல் கடந்து கரீபியத் தீவுகளில் பயிராகி, அங்கிருந்து ஸ்பெயினுக்குக் கப்பலேறியது. மாற்றாக அமெரிக்காவிலிருந்து மிளகாய் நமக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் நாவில் உணர்ந்த காரமெல்லாம் மிளகும் திப்பிலியும் இஞ்சியும் தந்த காரமே. மிளகாய் வந்தபின் இஞ்சியின் காரம் பின்வாங்கி, மணமே அதன் தொழிலாயிற்று எனலாம்.

இஞ்சி பூண்டு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் பிரியாணியோடு வந்தது. என்னுடன் பணியாற்றிய இராவுத்தர் ஆசிரியர் ஒருவர் வீட்டுத் திருமணத்தில்தான் அந்த விழுதைக் குண்டா குண்டாகக் கண்டேன். வாசற்பந்தலின் ஓரத்தில் நான்கு பெண்கள் நான்கு அம்மிகளில் விடியுமுன்பே தொடங்கி அரைத்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினராகிய நாங்கள் எல்லோரும் பாராட்டியது அண்டாவைத் திறந்த சமையற்காரரை.

அரைப்பதால் என்ன ஆகிறது என்று வேதியியல் ஆசிரியரைக் கேட்டேன். அவர் விளக்கியது சுவையாக இருந்தது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் 'ஜிஞ்சரால்' என்ற பொருள். உலர்த்தினால் அது 'சோகால்' என்ற, அதைவிடக் காரமான பொருளாக மாறுகிறது. சப்பானியர் இஞ்சியைச் 'சோகா' என்பதால் அப்பெயர். சுக்கு ஏன் அப்படிக் காந்துகிறது என்பதற்கு விடை இதுவே. சமைக்கும்போது அதே ஜிஞ்சராலின் ஒரு பகுதி 'சிஞ்சரோன்' ஆகி, காரம் தணிந்து இனிய மணம் தருகிறது. பூண்டின் கதை வேறு. முழுப் பல்லுக்கு மணம் இல்லை. நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனி அறைகளில் இருந்த இரு பொருள்கள் கலந்து 'அல்லிசின்' பிறக்கிறது. 1944இல் அதைப் பிரித்தெடுத்தனர். ஆகவே நறுக்கிய பூண்டும் அரைத்த பூண்டும் ஒன்றல்ல. அரைத்த விழுதில் எலுமிச்சையோ புளிக்காடியோ பட்டால் சில வேளை பச்சை நிறம் ஏறும். கெட்டுவிட்டதென்று கொட்டவேண்டியதில்லை, அது பூண்டின் இயல்பு.

இஞ்சிக்கு இன்னொரு திறமும் உண்டு. புரதத்தைச் சிதைக்கும் நொதி அதில் இருப்பதை 1973இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இறைச்சியில் விழுதைப் பிசைந்து ஊறவைத்தால் அது மெதுவாவது இதனால்தான். இஞ்சித் தேநீருக்குப் பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டால் பால் திரிவதும் இதனால்தான். சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றித் தயிர்போல் உறையவைத்து உண்பது தென்சீனத்தார் வழக்கம். நமக்குக் குற்றமானது அவர்களுக்குப் பண்டம். இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் சேர்த்தால் நொதி வெந்து அடங்கிவிடும். எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரர்கள் இந்த ஆய்வைப் படித்ததில்லை. ஆனால் பால் திரிந்து பார்த்ததில்லை.

இப்போது திருப்பூரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1925இல் குலாம் காதர் என்பார் அங்கே முதல் பின்னல் ஆலையைத் தொடங்கினார். அறுபது ஆண்டில் ஊரே பனியன் ஊராயிற்று. 1984இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும், அதன் பின்னர் ஏற்றுமதி பெருகியதும் அண்மைக்கால வரலாறு. எங்கள் ஊரை அடுத்த ஈட்டிவீரம்பாளையத்தில் ஆடைப் பூங்கா அமைந்தபின் பெருமாநல்லூரில் காலை எட்டு மணிக்குச் சாலையைக் கடப்பதே ஒரு வித்தை. கம்பெனி வண்டிகள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வருகின்றன. எட்டரைக்கு உள்ளே போனால், 'ஒன்றரை ஷிப்டு' என்ற கணக்கில் இரவு எட்டரைக்குமேல் வெளியே வருவார்கள். ஷிப்டுக்குக் கூலி உண்டு. அதற்கு முன்னும் பின்னும் அடுப்படியில் நின்ற நேரத்துக்குப் பேரேடு இல்லை.

இந்த நெருக்கடியை இயந்திரக்காரர்கள் நம்மைவிட முன்னதாகக் கண்டுகொண்டனர். கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955இல் மாவரைக்கும் மின்கிரைண்டரை உருவாக்கினார். அதனால் ஆட்டுக்கல் ஓய்ந்தது. பின்னர் மிக்சி வந்தது, அம்மியும் ஓய்ந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் குடிசைக்கும் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மிக்சியையும் கழுவவேண்டுமே, இஞ்சித் தோல் சீவவேண்டுமே, பூண்டு உரிக்கவேண்டுமே என்ற இடத்தில்தான் பொட்டலம் நுழைந்தது. உப்பு, எண்ணெய், சிறிது புளிப்பு அமிலம் சேர்த்து, பல நூற்றாண்டுகளாகப் பயணம் செய்யாத விழுதைப் பயணம் செய்ய வைத்துவிட்டார்கள்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர்களும் மளிகைக் கடையில் அதே பொட்டலத்தைத்தான் கேட்கிறார்கள். ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருக்கும் இடத்தில் அம்மியை எங்கே போடுவது?

பொட்டலத்தின் மேல் எனக்கிருந்த ஐயம் முழுதும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சிப் பயிர் நிலையில்லாதது. பூ வந்தாலும் வித்து வைக்காது. கிழங்கையே துண்டாக்கி நடவேண்டும். அதனால் நோயும் கிழங்கோடு கிழங்காகவே பரவும். அழுகல் நோய் தாக்கிய நிலத்தில் மறுபடி இஞ்சி வைக்க அஞ்சி, வயநாட்டு உழவர்கள் கருநாடகத்துக்குச் சென்று புது நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வரதா, ரஜதா, மகிமா என்று நல்ல இரகங்களை வெளியிட்டும், விலை ஓர் ஆண்டு வீழ்வதும் மறு ஆண்டு வானத்தைத் தொடுவதும் ஓயவில்லை. 2023இல் கிலோ 200 ரூபாயைக் கடந்தபோதும் எங்கள் கடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஐந்து ரூபாய்க்கே கிடைத்தது. கணக்கு வாத்தியாராய் இல்லாதவனுக்கும் அங்கே ஒரு கேள்வி எழும். ஐதராபாத்தில் கலப்பட விழுது செய்த இடங்களில் காவலர் சோதனையிட்டதை 2024இல் செய்தித்தாள்கள் எழுதின. எல்லாப் பொட்டலமும் அப்படியன்று. உறையின் பின்புறம் பொடியெழுத்தில் இஞ்சி எத்தனை விழுக்காடு, பூண்டு எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்கலாம். அந்த எழுத்தைப் படிக்க எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புழக்கடைக்குச் சென்று அம்மியைக் கழுவினேன். கால் கிலோ இஞ்சி, கால் கிலோ பூண்டு. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டேன். தோல் சீவவும் பூண்டு உரிக்கவும் முதற்பாடவேளை முழுவதும் போயிற்று. அரைக்கத் தொடங்கினால் குழவி வழுக்குகிறது, இஞ்சி நார் நாராய்ச் சுருண்டு ஒதுங்குகிறது, பூண்டு கல்லைவிட்டுக் குதிக்கிறது. இரண்டாம் பாடவேளை முடிந்து மூன்றாவதும் பாதி ஆன பின்னரே விழுதென்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தது. தோளும் இடுப்பும் வலித்ததைப் பெரிதாகச் சொல்லவில்லை. மாலையில் விரல்கள் எரியத் தொடங்கின. நீரில் வைத்தாலும் எரிந்தன. எண்ணெய் தடவினாலும் எரிந்தன. இரவு இரண்டு மணிவரை உறக்கமில்லை.

என் மனைவி மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் அந்த அம்மியில் முப்பது ஆண்டுகள் அரைத்தார். விருந்தாளி வரும் நாளிலும் தேர்வுத் தாள் திருத்த நான் உட்கார்ந்த நாளிலும் அரைத்தார். கை எரிகிறதென்று அவர் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்டதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் மட்டும் தவறாமல் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மருமகளிடம் அட்டவணையைக் கொடுத்தேன். திங்கள் முதல் சனிவரை அம்மிக்கு நேரம் ஒதுக்கவில்லை. ஞாயிறு மட்டும் இரண்டு பாடவேளை. எதிரே என் பெயர். அவள் அதைப் படித்துவிட்டுக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். வாரத்துக்கு வேண்டிய விழுதை உப்பும் கடலெண்ணெயும் கலந்து கண்ணாடிப் புட்டியில் வைக்கிறோம். இயலாத வாரத்தில் மிக்சி. அதுவும் இயலாவிட்டால் பொட்டலம். வழக்கு அவ்வளவில் நிற்கிறது.

முதல் மாத விழுதைப் பற்றி அவள் சொன்னது: "நல்லா இருக்குதுங்க மாமா. நார் மட்டும் கொஞ்சம் பல்லுல மாட்டுது." நாரின் குறுக்காக மெல்லிய வில்லைகளாக அரிந்துகொண்டு அரைத்தால் அது தீரும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். அம்மியும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது, கொத்தவேண்டும். 'அம்மி கொத்தலையோ' என்று தெருவில் கூவிப்போகும் குரலைக் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அவிநாசித் தேருக்குப் போன இடத்தில் கல்தச்சர் ஒருவரைக் கண்டு கேட்டேன். வருவதாகச் சொல்லி என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டிருக்கிறார்.